கோழித் தூக்கம்

தை, மாசி மாதங்களில் திட்டக்குடி வட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் ஓரமாக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் அதைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்துவிட்டு, பக்கத்தில் கட்டிலைப் போட்டு வீட்டில் யாராவது ஒருவர் படுத்துக்கொள்வார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும் இதுதான் நடக்கிறது. நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர் தன் முறை வரும்வரை அந்தக் குவியலை ஒட்டியே இரவைக் கழிக்கிறார். தூற்றி, எடைபோட்டு, 40 கிலோ மூட்டையாகத் தைத்து லாரியில் ஏற்றிய பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியும். அந்த நிமிடத்திலிருந்து தூங்காமல் கிடக்கும் வேலை லாரி டிரைவருடையது. கிடங்கு வாசலில் இறக்குவதற்கு ஆள் கிடைக்காமல் வண்டிகள் வரிசையில் நின்றால் இரண்டு, மூன்று இரவுகள்கூட அவருடையவை. மூட்டை கிடங்கின் கேட்டைத் தாண்டி உள்ளே போய் அட்டியில் ஏறியதும் சுற்றுச்சுவர், பூட்டு, சம்பளம் வாங்கும் காவலாளி எல்லாம் வந்துவிடுகின்றன. ஆக, களத்திலிருந்து கிடங்கு வாசல்வரை தானியத்துக்கு இருந்த ஒரே பூட்டு, இரண்டு மனிதர்களின் அரைகுறைத் தூக்கம். அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. கூலி கொடுக்கவேண்டிய வேலை என்று நினைக்கவும் இல்லை. நிறுத்திய லாரியிலிருந்து சரக்குத் திருடு போகாமல் டிரைவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய சாமர்த்தியத்தை மெச்சிவிட்டு நகர்ந்தால் அந்தச் சாமர்த்தியத்தின் விலை கண்ணில் படாது.

திட்டக்குடி ஊர் வெள்ளாற்றங்கரையில் கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது. மேற்கே தொழுதூர், இராமநத்தம் பக்கம் போனால் சென்னை – திருச்சி நான்குவழிச் சாலை. தெற்கே ஆற்றைக் கடந்தால் திருமாந்துறை சுங்கச்சாவடி, வடக்கே ஆவட்டி கூட்டுரோடு, வேப்பூர் கூட்டுரோடு, உளுந்தூர்பேட்டை. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டும், நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளமும், தூத்துக்குடிக்கு இறங்கும் கன்டெய்னர்களும் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் ஓடுகின்றன. சென்னைக்கும் தொழுதூருக்கும் இடையே தோராயமாக 240 கிலோமீட்டர். பகலில் கனரக வண்டிகளுக்கு மாநகரத்துக்குள் கட்டுப்பாடு இருப்பதால் இரவு 10 மணிக்குமேல் நகரத்தை விட்டுக் கிளம்பும் லோடு வண்டி, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இங்கே வந்து சேரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். உடம்பு தன் உரிமையைக் கேட்கும் நேரம் அது. இந்தப் பகுதியில் லாரிகள் ஓரம் கட்டுவது தற்செயலாக நடப்பதில்லை, கடிகாரமும் வரைபடமும் சேர்ந்து எடுத்த முடிவு. திருட வருகிறவனுக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே காவலில் பாதி முடிந்துவிடுகிறது. நிழல் தரும் புளியமரம் பகலுக்குத்தான் நல்லது, இரவில் அது இருட்டு. எனவே விளக்கு, விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடை, கேமரா வைத்த பெட்ரோல் பங்க், அல்லது ஏற்கெனவே நிற்கும் நான்கு வண்டிகள். தனியாக நிற்காதே என்பதுதான் முதல் விதி. டீசல் டேங்க் இருக்கும் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்கதவு உள்ள வண்டியானால் கதவைச் சுவரோடு ஒட்டியோ, இன்னொரு வண்டியின் முதுகோடு முதுகாகவோ நிறுத்த வேண்டும், திறக்கவே இடம் இருக்கக்கூடாது. திறந்த பாடி வண்டிக்குக் கதவு இல்லை. அதற்குத் தார்ப்பாயும் கயிறும்தான். பிளேடு ஒன்று போதும், தார்ப்பாயில் ஒரு முழம் கிழித்து மூட்டையை உருவிவிடலாம். அதனால் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகப் போட்டு, எந்தக் கட்டத்திலும் ஒரு மூட்டை முழுசாக வெளியே வராதபடி இழுத்துக் கட்டுகிறார்கள். முடிச்சுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கயிற்றின் வால் எந்தப் பக்கம் தொங்குகிறது, கொக்கியில் எத்தனை சுற்று என்பது கட்டியவருக்குத் தெரியும். விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டே வண்டியைச் சுற்றி வரும் டிரைவர் படிப்பது அந்த வால்களைத்தான். அவிழ்த்துத் திரும்பக் கட்டியவனின் கை வேறு கை, அது தெரிந்துவிடும். டீசல் டேங்கின் வாயில் குழாயை நுழைக்க முடியாதபடி உள்ளே சல்லடை, மேலே பூட்டு மூடி. பேட்டரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு. சேசிசுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்குச் சங்கிலி. இவ்வளவுக்கும் மேல் படுக்கும் இடம். கோடையில் லோடின்மேலேயே படுப்பவர்கள் உண்டு. காற்றுக்காகத்தான் என்று சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் கீழே ஒரு மூட்டை நகர்ந்தாலும் முதுகில் தெரியும். கேபினில் படுப்பவர் ஜன்னலை நாலு விரல் அளவு இறக்கி வைத்துக்கொள்கிறார், வெளியே கயிறு உரசும் சத்தம் கேட்கவேண்டுமே.

இவற்றில் எது கருவி, எது உடம்பு என்று பிரித்துப் பார்த்தால் பூட்டும் சங்கிலியும் சல்லடையும் செய்வது ஒரே ஒரு காரியம்: திருடனுக்குக் கொஞ்சம் நேரமாகும்படி, கொஞ்சம் சத்தம் வரும்படி செய்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு காது விழித்திருந்தால்தான் அவற்றுக்குப் பயன். எனவே எல்லா உத்திகளும் கடைசியில் டிரைவரின் தூக்கத்தை ஆழமாக விடாமல் மேலேயே மிதக்கவைப்பதில் போய் முடிகின்றன. நம் ஊரில் இதற்குக் கோழித் தூக்கம் என்று பெயர். கோழித்தீவனம் ஏற்றிய லாரியில் இந்தச் சொல் உட்கார்ந்திருப்பதைச் சிரிப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஓடும்போது அது பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதன் காற்றில் படுத்தால் மட்டும் அந்த நாலு விரல் இடைவெளி போய்விடுகிறது. என்ஜின் ஓடினால் டீசலும் போகும். உடம்பின் சுகம் சரக்கின் காவலோடு நேருக்கு நேர் மோதும்படிதான் இந்தத் தொழில் அமைந்திருக்கிறது. மோதும்போது எது தோற்கிறது என்பது டிரைவர்களின் கண்களைப் பார்த்தாலே தெரியும். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வில், லாரி டிரைவர்கள் சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவதாகவும், ஏறக்குறையப் பாதிப்பேர் களைப்போ தூக்கமோ இருந்தும் ஓட்டுவதாகவும் சொல்லப்பட்டது. மூட்டைக்காக இரவில் விட்ட தூக்கம் மறுநாள் சாலையில் வந்து கணக்கைக் கேட்கிறது. அப்போது கொடுக்கிறவர்களில் எதிரே பைக்கில் வருகிறவரும் இருப்பார்.

ஒரு காலத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது, அதன் பெயர் கிளீனர். டிரைவர் தூங்கினால் கிளீனர் முழித்திருப்பான். கயிறு கட்டுவதும் சக்கரத்துக்குக் கல் போடுவதும் லோடின்மேல் படுப்பதும் அவன் வேலை. நேஷனல் பர்மிட் லாரிகளில் இரண்டு டிரைவர்கள் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்லிவந்தன. நடைமுறையில் பலரும் அதை மீறினார்கள் என்றாலும் விதி என்று ஒன்று இருந்தது. 2018 நவம்பரில் அந்த விதியைத் திருத்தி, ஒரு டிரைவரே போதும் என்று ஆக்கினார்கள். அதே திருத்தத்தில் சரக்கை மூடிய பாடியில்தான் கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் தார்ப்பாய் போன்ற ஒன்றால் மூடவேண்டும் என்றும் சேர்த்தார்கள். தார்ப்பாய் சட்டத்துக்குள் வந்த அன்றைக்குத்தான் அதைக் காக்கும் இரண்டாவது ஆள் சட்டத்திலிருந்து இறங்கினார் என்பது அரசிதழின் சொந்த நகைச்சுவை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. இரவில் தங்கவேண்டிய இடங்களில் ஓய்வறை கட்டித்தர வேண்டியது முதலாளியின் கடமையாக இருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களால் நடக்கும் தொழிலில் அந்த வாசலுக்குள் நுழையாதவர்களே அதிகம். 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டது. தொழுதூர் டீக்கடை பெஞ்சில் அதனால் என்ன மாறும் என்று எனக்குப் பெரிய எதிர்பார்ப்பில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு வரும்: திருடுவதே டிரைவர்தானே? சரக்கு உரிமையாளர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான், அதை அப்படியே தள்ளிவிட முடியாது. டீசல் விற்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். வழியில் இரண்டு மூட்டை இறக்கிவிட்டு, திருட்டு என்று கதை சொன்னவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சந்தேகம் அளவுக்கு மீறி வளர்ந்து சட்டத்துக்குள்ளேயே குடியேறியிருந்ததைப் பார்க்க வேண்டும். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு 379-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. சரக்கு ஏற்றிச் செல்பவனே மோசடி செய்தால் 407-ஆம் பிரிவின்படி ஏழாண்டு. கட்டிடம், கூடாரம், கப்பல் ஆகியவற்றில் வைத்த பொருளைத் திருடினாலும் 380-ஆம் பிரிவில் ஏழாண்டு இருந்தது. அந்தப் பட்டியலில் வண்டி இருக்கவில்லை. கூடாரத்துக்குக் கிடைத்த மரியாதை லாரிக்குக் கிடைக்கவில்லை. அதாவது, கூட்டுரோட்டில் தார்ப்பாயைக் கிழித்தவனுக்கு மூன்றாண்டு, அதே மூட்டையை டிரைவர் தொட்டால் ஏழாண்டு. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 305-ஆம் பிரிவுதான் சரக்கு வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதைத் தனியாகச் சொல்லி ஏழாண்டுவரை தண்டனை வைத்தது. நம்பிக்கைத் துரோகம் திருட்டைவிடக் கொடியது, அதனால்தான் அந்த வேறுபாடு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். நியாயமான வாதம்தான். ஆனால் நம்பிக்கைக்கு அவ்வளவு பெரிய விலை வைக்கிறவர்கள், நம்பப்படுகிறவனுக்குப் படுக்க ஒரு சுவரும் கதவும் தர நூற்றறுபது ஆண்டுகளில் நினைக்கவில்லை.

எடைமேடை இந்தச் சந்தேகத்துக்கு எப்படிச் சாட்சி சொல்கிறது என்பதையும் பார்க்கலாம். நெல் 17 சதவீத ஈரப்பதத்தோடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் வரிசையில் நின்று 15 சதவீதத்துக்கு இறங்கினால் நூறு கிலோவில் ஏறக்குறைய 2.35 கிலோ காற்றில் போய்விடும். 40 கிலோ மூட்டைக்கு முக்கால் கிலோவுக்கும் மேல், 400 மூட்டை வண்டியில் 370 கிலோவை ஒட்டிய குறைவு. ஒன்பது மூட்டை காணாமல் போனதற்குச் சமம். மூட்டைகளை எண்ணினால் 400 சரியாக இருக்கும், எடை மட்டும் திருட்டைச் சொல்லும். காத்திருந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தச் சீட்டில் இல்லை. ‘ஷார்ட்டேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெயில், ஓட்டைச் சாக்கு, எலி, வெளித்திருடன், உள்திருடன் எல்லாரும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பிடித்தம் மட்டும் பிரியாமல் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது. 2007-இன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சரக்கு இழப்புக்குப் பொதுச் சரக்கேற்றி நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் பறிமுதல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. திருட்டுக்கு விலக்கில்லை. நிறுவனம் வண்டிக்காரர் வாடகையில் பிடிக்கும், வண்டிக்காரர் டிரைவரின் படியில் பிடிப்பார். பொறுப்பு மேலிருந்து கீழே வழுக்கிவந்து, வழுக்க இனி இடமில்லாத இடத்தில் நிற்கிறது. வண்டியே களவு போனால் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் வழி விசாரிக்க இறங்கிய டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார், லாரி போய்விட்டது. கவனக்குறைவு என்று சொல்லி நிறுவனம் இழப்பீட்டையே மறுத்தது. நீதிமன்றம் முக்கால் பங்கைக் கொடுக்கச் சொன்னது. வழி கேட்க இறங்கும் அரை நிமிடத்துக்குள்கூட டிரைவரின் கவனம் அளக்கப்படுகிறது.

தொழில்நுட்பம் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லவேண்டியதில்லை. ஜி.பி.எஸ். வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும், மூட்டை உள்ளே இருக்கிறதா என்று சொல்லாது. மின்பூட்டு கன்டெய்னருக்குச் சரி, கயிறு கட்டிய லோடுக்கு எங்கே மாட்டுவது? 2020 அக்டோபரில் சூளகிரி அருகே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து மும்பைக்குச் செல்போன்கள் ஏற்றிப் போன கன்டெய்னர் லாரியை மறித்து, டிரைவர்களைத் தாக்கிக் கட்டிப்போட்டு, சுமார் 15 கோடி ரூபாய்ச் சரக்கைக் கொண்டுபோனார்கள். பெரிய சரக்குக்குத் திட்டமிட்ட கும்பல் வரும், பூட்டு அவர்களைத் தடுக்காது. சின்னச் சரக்குக்குப் பூட்டே வராது. கருவிகள் டிரைவரின் சுமையைக் குறைக்காமல் கூட்டுவதும் நடக்கிறது. சரக்கோடு போகவேண்டிய இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலக்கெடு. கிடங்கு வாசலிலும் பழுதிலும் நிற்கும் நேரமும் அதில்தான் ஓடும். கெடு முடிந்தால் நீட்டிக்கச் சொல்லி யாரிடமாவது கெஞ்ச வேண்டும்.

சரக்கு ஓய்வெடுக்கும் இடத்துக்குக் காவல் வைப்பது வணிகத்தின் செலவு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் காவல் வீரர்களோடு சேர்த்து ‘எறிவீரப்பட்டினம்’ என்று சில ஊர்களை அறிவித்த கல்வெட்டுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஒரு வரியாகவே வருகிறது. பிற்காலத்துக் காவல் முறையில் ஊரிடம் கூலி வாங்கிய காவல்காரர் களவு போனதை மீட்டுத்தரவோ ஈடுகட்டவோ கடமைப்பட்டவர். மாட்டு வண்டிக் காலத்து வண்டிப்பேட்டைகளில் கிணறும் திண்ணையும் துணைக்குப் பத்து வண்டியும் இருந்தன. இதைச் சொல்லும்போது பழம்பெருமை பாடும் ஆபத்து இருக்கிறது. காவல்காரர்களே களவாடிவிட்டுத் துப்புக்கூலி கேட்டதும் இதே வரலாற்றில் உண்டு. வெள்ளை அரசு அந்த முறையை ஒழித்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தது அதைவிட மோசம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் மதராஸ் மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. தென்னார்க்காட்டில், இதோ திட்டக்குடிக்கு அடுத்த வேப்பூரின் பெயரை ஒரு சமூகத்தின் பெயரோடு ஒட்டிக் குற்றவாளிகள் என்று எழுதினார்கள். சட்டம் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஊர்ப்பெயர் சீர்மரபினர் பட்டியலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர்களிடையே ‘அந்த ஊர்ப்பக்கம் நிறுத்தாதே’ என்று சொல்லிக்கொள்ளும் வாய்வழி வரைபடம் ஒன்று உண்டு. இருட்டான இடம், தனித்த இடம் என்று அது சொல்லும்வரை அது அறிவு. ஊரையும் சாதியையும் சொல்லத் தொடங்கினால் அது 1911-இன் கையெழுத்து. பாதுகாப்பான நிறுத்துமிடம் இல்லாத குறையை அந்த ஊர்க்காரர்களும் தங்கள் பெயரால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் மட்டும் நிலைமை ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவில் 2009-இல் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் பால் லோடோடு சீக்கிரமே வந்துவிட்டார். இறக்க நேரமாகவில்லை, நிற்க இடமில்லை. தெற்குக் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். அவரைச் சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது ஏழு டாலர். அவர் மனைவி விடாமல் போராடியதில் 2012-இல் லாரி நிறுத்துமிடங்களுக்காக ‘ஜேசன் சட்டம்’ வந்தது. கவனிக்கவேண்டியது ஒன்று: அவரைக் கொன்ற சூழ்நிலை தொடங்கியது திருடனிடத்தில் இல்லை, இறக்குமிடத்தின் மூடிய கேட்டில். நம் கிடங்கு வரிசையின் கதையும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியமோ டிரைவரின் நீண்ட வாராந்திர ஓய்வை லாரி கேபினில் கழிக்கவே கூடாது என்று தடுத்திருக்கிறது, காவலுள்ள நிறுத்துமிடங்களுக்குத் தரம் பிரித்து விதியும் செய்திருக்கிறது. கேபின் தூங்கும் இடமல்ல என்று ஒரு சட்டம் சொல்லலாம் என்பதே நம் காதுக்கு விநோதமாகப்படும்.

நிறுத்துமிடம் கட்டிக்கொடுத்தாலும் டிரைவர்கள் காசு கொடுத்து உள்ளே போகமாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. வலுவானதும் இதுதான். படி மொத்தத் தொகையாக வருகிறது, அதில் மிச்சம் பிடிப்பதுதான் வீட்டுக்குப் போகும் பணம். நூறு ரூபாய் கொடுத்துப் பேட்டைக்குள் தூங்குவதைவிட ஓசியில் கூட்டுரோட்டில் கோழித் தூக்கம் தூங்கி அந்த நூறை மிச்சப்படுத்தத்தான் யாரும் பார்ப்பார்கள். ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது பேட்டை வேண்டாம் என்பதையல்ல, கட்டணத்தைத் தவறான பையிலிருந்து கேட்கிறோம் என்பதை. 50 கிலோ சிமெண்ட் 400 மூட்டை ஏற்றிய வண்டிக்கு ஓர் இரவுக் காவலுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு 25 காசு. சரக்கு அனுப்புகிறவருக்கு அது தெரியவே தெரியாது, டிரைவருக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு. புதிதாகக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. சுங்கச்சாவடிகளை ஒட்டி இடம் இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குச் சுற்றுச்சுவர், விளக்கு, இரவுக் காவலாளி எல்லாம் ஏற்கெனவே உண்டு. வரத்துக் குறைந்த மாதங்களில் அந்த வளாகங்கள் இரவெல்லாம் காலியாகக் கிடக்கின்றன. லாரி ஆபீசில் எழுதும் எல்.ஆர். ரசீதில் வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று கட்டம் கட்டமாக இருக்கும். அவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு கட்டத்துக்கு இடம் இருக்கிறது.